தக்காளி என்றான் தம்பி

காலை மணி பத்து நாற்பது. நான் முதலில் பார்த்தது என் தம்பியின் இடது கையை. சக்கர நாற்காலியின் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து, உள்ளங்கை முன்னால் பார்க்க, யாரையோ தள்ளி நிறுத்துவதுபோல நின்றிருந்தது. இரண்டரை மாதமாகத் தானாக எதற்கும் எழாத கை அது. பிறகு உதடு அசைந்தது.

"தக்காளி" என்றான்.

தெரபிஸ்ட் பெண் என்னைப் பார்த்தார். நான் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள், வெளியிலிருந்து வேறு யாராவது சொல்லியிருப்பார்களோ என்பதுபோல. கதவு சாத்தியிருந்தது.

இது நடந்தது போன ஆடி மாதத் தொடக்கத்தில், திருவள்ளூருக்கு வெளியே உள்ள ஒரு மையத்தில். தலையில் அடிபட்டவர்களுக்கு மறுபடி உட்கார, விழுங்க, பேசப் பழக்கும் இடம். வாசல் பலகையில் 'மறுவாழ்வு மையம்' என்று மட்டும்தான் இருக்கும். கடம்பத்தூரில் இருந்து நான் தினமும் வரும் ஷேர் ஆட்டோக்காரர் மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டார். "குடிய மறக்கடிக்கிற எடமாக்கா? நல்லா பாத்துக்கிறாங்களா? நம்ம மச்சான் ஒருத்தன் கீறான்."

என் தம்பிக்குக் குடிப்பழக்கம் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி உருட்டும் ஆலையில், உலை வாயில் பதினோரு வருடமாக வேலை. சித்திரையில் ஒரு நாள், காலை ஷிப்ட் முடிந்து ஒரு வேலையாகச் சென்னைப் பக்கம் போகும்போது, கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்து மணலில் பைக் சறுக்கியது. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து கண்ணைத் திறந்தான். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை. எங்களைப் பார்ப்பான். சுவரையும் அதே மாதிரிதான் பார்ப்பான்.

அந்த மையத்தில் புலன்களைத் தூண்டுவதற்கென்று ஓர் அறை இருந்தது. எல்லோரும் 'சென்சரி ரூம்' என்பார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அதில் தண்ணீர் நிறைந்திருக்கும், அடியிலிருந்து குமிழிகள் ஏறிக்கொண்டே இருக்கும், விளக்கின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். சிவப்பு, ஊதா, நீலம், பச்சை, மறுபடி சிவப்பு. தொட்டால் அதிரும் மெத்தை ஒன்று. மடியில் வைக்க மணல் அடைத்த கனமான பை. உப்புத்தாள், கம்பளி, தேங்காய் நார் எல்லாம் ஒட்டிய பலகை. சின்னச் சின்னப் பாட்டில்களில் வாசனைகள்: காப்பித்தூள், சந்தனம், சாம்பிராணி. அடிபட்ட மூளைக்கு எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்காது, எந்தக் கதவு முதலில் திறக்கும் என்று தெரியாததால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறோம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார்.

தட்டியதில் ஒரு கதவு திறந்துவிட்டது. உள்ளேயிருந்து வந்தது தக்காளி.

நான் பதினான்கு வருடம் ஒரு நாளிதழுக்குத் தாலுகா செய்தியாளராக இருந்தவள். எதையும் எழுதி வைக்காவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. அறைக்குள் நடப்பதைக் குறிக்கச் சொல்லி தெரபிஸ்ட் என்னிடம் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். நேரம், எந்தக் கருவி, விளக்கின் நிறம், அவன் செய்தது என்று நான்கு கட்டம். அன்று எழுதினேன்: 10.40. குமிழிக் குழாய். ஊதா. இடது கை எழுந்தது, 'தக்காளி' என்றான்.

மூக்குக் குழாயை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. குழைத்த சாதம், கெட்டியான கஞ்சி மட்டும் கொடுக்கலாம். எனவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. பசிக்கிறது, கேட்கிறான்.

"தக்காளி ரசம் வச்சு எடுத்தாம்மா. நல்லா வடிகட்டி, சாதத்தோட கொழைச்சு" என்றேன்.

தம்பி மனைவி நகரவில்லை. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். "அவரு தக்காளி கேக்க மாட்டாரு அண்ணி. ரசத்துல ஒரு துண்டு கெடந்தா கூட எடுத்து ஓரமா வச்சுட்டுதான் சாப்டுவாரு."

எனக்கும் அது தெரியும். சின்ன வயதில் அவன் தட்டின் ஓரத்தில் கிடக்கும் தக்காளித் தோலைத் தின்றவள் நான்தான். ஆனால் அடிபட்ட பிறகு சிலருக்கு ருசியே மாறிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொன்னேன். படித்தவள், மூத்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள், கூட இருப்பவர்கள் சமைத்துக்கொள்ள மையத்தின் பின்பக்கம் வைத்திருந்த அடுப்புக்குப் போனாள்.

ரசச் சாதத்தை அவன் நாக்கால் வெளியே தள்ளினான்.

மறுநாள் பதினொன்று ஐந்துக்கு அதே கை, அதே சொல். தக்காளி சூப் வந்தது. துப்பினான். அதற்கு மறுநாள் இரண்டு முறை சொன்னான். தொக்கு வைத்துப் பார்த்தோம். தெரபிஸ்ட் முழுத் தக்காளி ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அது உருண்டு தரையில் விழுந்தது. நறுக்கி மூக்குக்கு அருகில் காட்டினோம். முகத்தைத் திருப்பினான். கேட்கிறான், கொடுத்தால் வேண்டாம் என்கிறான். கோபமா, குழப்பமா, நாங்கள் கொடுப்பது தக்காளி என்று தெரியவில்லையா, தக்காளி என்ற சொல் வேறு எதன்மேலோ தவறாக ஒட்டிக்கொண்டுவிட்டதா? அடிபட்டவர்களுக்கு அப்படியும் ஆகும், தண்ணீரைச் செருப்பு என்பார்கள் என்றார் தெரபிஸ்ட். அதைக் கேட்டதிலிருந்து தம்பி மனைவி அவன் கண்ணில் படும்படி ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்ட ஆரம்பித்தாள். சீப்பு, டம்ளர், போர்வை. எதற்கும் பதில் இல்லை. குமிழிக் குழாய் இருக்கும் அறைக்குள் மட்டும்தான் அந்தச் சொல் வந்தது.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினோரு நாளில் ஒன்பது முறை சொல்லியிருந்தான். ஒன்பதிலும் விளக்கின் நிறம் ஊதா. இதை நான் கண்டுபிடித்தபோது பெரிய துப்புக் கிடைத்ததுபோல இருந்தது. தெரபிஸ்டிடம் காட்டினேன். ஊதாவுக்கும் தக்காளிக்கும் என்ன சம்பந்தம் என்று இருவரும் வெகுநேரம் யோசித்தோம்.

"ஊதாவுக்கு கத்திரிக்காய்னாவது சொல்லணும்" என்றாள் தம்பி மனைவி. அந்த ஆடி மாதத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

சிரிப்பு நிற்கும் முன்பே டாக்டர் உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமை மறுபரிசீலனை என்றார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்றது மட்டும் போதாது. எதிரே இருக்கிறதைப் பார்த்து, அதுக்குப் பொருத்தமா ஏதாவது செய்யறாரா? அது தெரிஞ்சா இன்னும் ஆறு வாரம் இங்கயே வச்சுப் பழக்கலாம். தெரியலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துக்கறதுதான். இந்தப் படுக்கைக்கு வேற ஆள் காத்திருக்காங்க."

கும்மிடிப்பூண்டியில் அவர்கள் இருப்பது ஒற்றை அறை கொண்ட லைன் வீடு. கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அந்த வீட்டில் அவனைப் படுக்கவைத்தால் அவன் படுத்தபடியேதான் இருப்பான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலை அவனுடன் வேலை செய்கிறவர் ஒருவர் பார்க்க வந்தார். பீகார்காரர். நாற்பது வயது இருக்கும். வார விடுமுறை நாள் அவருக்கு. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் சாத்துக்குடிப் பை. உலை வாயில் என் தம்பிக்கு எதிரே எட்டு வருடமாக நிற்பவர் என்று தம்பி மனைவி சொன்னாள். நாங்கள் சென்சரி அறையில் இருந்ததால் தெரபிஸ்ட் அவரையும் உள்ளே விட்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இதை நான் இன்றும் அழுத்திச் சொல்வேன். தக்காளி பற்றி ஒரு வார்த்தைகூட அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் தம்பியின் முன்னால் போய், குழாய்க்குப் பக்கத்தில் நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் குழாயைப் பார்த்தார். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. தண்ணீரும் குமிழிகளும் மங்கலான சிவப்பாயின. அவர் முகம் மாறியது. லேசாகச் சிரித்து, உள்ளங்கையை முன்னால் நீட்டித் தள்ளிக் காட்டி, என் தம்பியிடம் சொன்னார்.

"இன்னாண்ணா, தக்காளி!"

என் பேனா நின்றது. குழாயில் சிவப்பு போய் ஊதா வந்தது. தம்பியின் இடது கை மெதுவாக எழுந்தது. உள்ளங்கை முன்னால்.

"தக்காளி" என்றான்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். பாவம், அந்த மனிதர் பயந்தே போனார். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று கேட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பதினோரு நாளாக நாங்கள் ரசமும் சூப்பும் தொக்கும் வைத்த கதையைச் சொன்னோம். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அய்யோ அக்கா. அண்ணா சாப்பாடு கேக்கல. இரும்பு ஆறிப்போச்சு சொல்றாரு."

பிறகு விளக்கினார். உலையில் காய்ந்து வெளியே வரும் இரும்புக் கட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் அதை நசுக்கிக் கம்பியாக நீட்டும் உருளைக்குள் விடலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள். அந்த முடிவு என் தம்பியுடையது. மங்கின சிவப்பாக இருந்தால் சூடு போதாது. உள்ளே விட்டால் மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் பாம்புபோலத் துள்ளி ஆள்மேல் வரும். "நான் வந்த புதுசு, என்கு தமிழ் தெரியாது. அண்ணாக்கு இந்தி தெரியாது. சிவப்புன்னா எந்தச் சிவப்பு? ரெண்டு பேருக்கும் பேஜாரு. ஒரு நாள் மார்க்கெட் கூட்டிக்கினு போச்சு. காய் காட்டும், பேரு சொல்லும். தக்காளி கலர் வந்தா உடாதே. பப்பாளி கலர் வந்தா உடு. அவ்ளோதான். எட்டு வருசம் அதான் எங்க பாஷை."

சத்தத்தில் சொல் கேட்காது என்பதால் கையும் உண்டு. அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் 'விடவா' என்று கேள்வி. என் தம்பி உள்ளங்கையைத் தள்ளினால் 'வேண்டாம்'.

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஊதா. தெரபிஸ்ட் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு விளக்கைச் சிவப்பிலேயே நிறுத்தினார். நண்பர் இரண்டு விரலைத் தூக்கினார். பன்னிரண்டு நொடி கழித்துப் பதில் வந்தது. விளக்கு தானாக ஓடும்போது சிவப்பு நிற்பது பத்து நொடிதான். அவன் பார்ப்பது சிவப்பு. அவன் சொல்லி முடிக்கும்போது ஊதா. நான் எழுதிய நிறத்தில் ஒரு பிழையும் இல்லை. அவன் பார்த்த நிறம் மட்டும் அது இல்லை.

தானாக ஓடும் வரிசையில் ஆரஞ்சு கிடையாது. ரிமோட்டில் தனிப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினார்கள். நண்பரின் இரண்டு விரல். நாங்கள் மனதுக்குள் எண்ணினோம். பதின்மூன்றில், "பப்பாளி" என்றான் தம்பி. கொஞ்சம் பொறுத்து, "உடு."

தம்பி மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அன்று ராத்திரி முழுவதும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இவன் இந்த அறையை உலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறானா? அப்படியானால் இத்தனை நாளும் ஷிப்ட் முடியாமலே நின்றுகொண்டிருக்கிறானா? ஆறிப்போன இரும்பை விடாதே என்று அவன் சொல்லச் சொல்ல, நாங்கள் கிண்ணத்தோடு வந்து நின்றோமே, எங்களை யார் என்று நினைத்திருப்பான்?

வெள்ளிக்கிழமை காலை நண்பருக்கு ஷிப்ட். வர முடியவில்லை. டாக்டரோடு இன்னும் இருவர் வந்தார்கள். நான்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தேன். டாக்டருக்குத் தம்பியின் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரையும் நாற்காலிக்குப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். அவனுக்கு எதிரே குழாய் மட்டும். தெரபிஸ்ட் சிவப்பை நிறுத்தினார். இருபது நொடி. முப்பது. ஒன்றும் இல்லை. ஆரஞ்சு. ஒன்றும் இல்லை. மறுபடி சிவப்பு. கை மடியிலேயே கிடந்தது.

டாக்டர் என்னைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தார். நேற்று நாங்கள் பார்த்ததையே நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். நேரம் குறித்த நோட்டு கையில் இருந்தது. என்ன பிரயோஜனம்?

தம்பி மனைவி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். குழாய்க்குப் பக்கத்தில், முந்தின நாள் அந்த நண்பர் நின்ற அதே இடத்தில் நின்றாள். "ஆள் இல்லாம யாருகிட்ட சொல்லுவாரு அண்ணி?" என்றாள் என்னிடம். பிறகு அவனைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கினாள்.

"இன்னா, உடட்டுமா?"

குழாய் சிவப்பில் நின்றது. நான் எண்ணினேன். பதினொன்றில் கை எழுந்தது.

"தக்காளி."

டாக்டர் ரிமோட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஆரஞ்சு. "உடு." மறுபடி ஆரஞ்சு. "உடு." சிவப்பு. "தக்காளி." பிறகு டாக்டர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, "நான் உட்டுர்றேன் போ" என்று குழாய்ப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். என் தம்பி நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "தக்காளி! தக்காளி!" என்றான். அதற்கு அடுத்து வந்த சொல்லை நான் நோட்டில் எழுதவில்லை. ஆலையில் சொல்லும் சொல். டாக்டர் மட்டும் சிரித்தார்.

கோப்பில் ஆறு வாரம் என்று எழுதினார். எழுதிவிட்டு எங்களிடம் சொன்னார், "நிறம் தெரியுது. ஆபத்து தெரியுது. எதிரே ஆள் இருக்கறது தெரியுது. அது மனைவின்னு தெரியுதான்னு எனக்கு இப்ப சொல்லத் தெரியலை." எனக்கும் தெரியவில்லை. அவளிடம் கேட்டேன். "என்னத் திட்டுனாருல்ல அண்ணி" என்றாள். அது ஆம் என்பதா இல்லை என்பதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆறு வாரம் எட்டானது. இப்போது அவன் கும்மிடிப்பூண்டி வீட்டில் இருக்கிறான். பிடித்துக்கொண்டால் கதவு வரை நடக்கிறான். சொற்கள் இருபதைத் தாண்டிவிட்டன. எங்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை. நோட்டில் நான் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: எதிரே நின்றவர்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு நான் அங்கே இருந்தேன். அவள் ரசம் எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தாள். வாசலில் யாரோ கூப்பிட, கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கரண்டியை எடுத்தாள். அவன் இடது கை எழுந்தது. கிண்ணத்தைப் பார்த்து, "தக்காளி" என்றான்.

நானும் எட்டிப் பார்த்தேன். ரசத்தின் மேல் ஒரு தக்காளித் துண்டு மிதந்தது. கிண்ணத்தைத் தொட்டேன். ஆறியும் போயிருந்தது.

அவள் துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சூடாக்கிக்கொண்டு வந்தாள். அவன் வாயைத் திறந்தான்.